மானியக் கோரிக்கை எண் 43: சாக்கோட்டை இளம் ஆசிரியருக்கு ஒரு கடிதம்

சாக்கோட்டை ஒன்றியத்து நடுநிலைப் பள்ளி இளம் ஆசிரியருக்கு,

காரைக்குடித் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரிடம் அளிப்பதற்காக இவ்வாசிரியர் எழுதி, ஓய்வுபெற்ற மூத்த ஆசிரியர் ஒருவரின் பார்வைக்கு அனுப்பிய மனு, அரசுப் பள்ளிக்குக் கணினி ஏன் வேண்டும் என்று விளக்கிக்கொண்டிராமல் நேராகக் கோரிக்கைக்குள் நுழைந்துவிடுவதால், அந்தப் பேச்சு இங்கும் தேவையில்லை. மனு கேட்கும் தோரணையும், அது கேட்காமல் விட்ட செலவும்தான் குறைகள்; இரண்டுமே மூத்த ஆசிரியர்களுக்கு எரிச்சலூட்டக்கூடியவை.

திறன்பலகை ஒன்றைக் கொடையாக அளிக்குமாறு மனு இறைஞ்சுகிறது. பள்ளி, ஊருணி, கோயில் திருப்பணி என எதற்கும் புரவலரை நாடிப் பழகிய செட்டிநாட்டில் இந்தத் தோரணை இயல்பாக வந்துவிடுகிறது என்றாலும், சட்டமன்ற உறுப்பினர் புரவலர் அல்லர். அரசின் ஒவ்வொரு செலவுக்கும் ஒப்புதல் தரும் அவையின் 234 உறுப்பினர்களில் ஒருவர். அவரிடம் உள்ள தொகுதி மேம்பாட்டு நிதி, அதாவது தம் தொகுதிப் பணிகளுக்கென அவர் பரிந்துரைக்கக்கூடிய ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், கட்டடம், கருவி போன்ற நிலையான சொத்துகளை உருவாக்குவதற்கானது. இணையக் கட்டணத்தையோ பராமரிப்பாளரின் ஊதியத்தையோ ஆண்டுதோறும் கட்டுவதற்கானதன்று.

மனு விட்டுவிட்டது இந்தத் தொடர் செலவைத்தான். காரைக்குடியில் இதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கியதால் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்கு 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார் என்பதை இவ்வட்டாரத்துப் பிள்ளைகளும் அறிவர். ஆனால் அந்நிறுவனம் இன்றுவரை இயங்குவது, அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றத்தின் வழியாக ஆண்டுதோறும் வரும் அரசு ஒதுக்கீட்டால். அத்தனை பெரிய கொடையே தொடக்கத்துக்குத்தான் போதுமானதாக இருந்தது என்றால், ஒரு திறன்பலகை எம்மாத்திரம்?

தொடர் செலவு எந்தக் கணக்கிலிருந்து வருகிறது என்பதையும் மனு சொல்லியிருக்க வேண்டும். பள்ளிக் கல்விக்கான மாநில ஒதுக்கீடு சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை எண் 43 என்ற தலைப்பில் வருகிறது. மானியக் கோரிக்கை என்பது ஒரு துறை தன் ஓராண்டுச் செலவுக்கு அவையின் ஒப்புதலைக் கேட்பது. அதன்மீது உறுப்பினர்கள் பேசலாம், வெட்டுத் தீர்மானம் கொடுத்து ஒரு குறிப்பிட்ட குறையை விவாதத்துக்குக் கொண்டுவரலாம். மற்றொரு வழி, ஒன்றிய அரசும் மாநில அரசும் 60-க்கு 40 என்ற விகிதத்தில் செலவைப் பகிரும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம். ஒன்றிய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடாததால், ஒருங்கிணைந்த திட்டத்தில் 2024-25-ஆம் ஆண்டுக்கு ஒன்றிய அரசு தர வேண்டிய 2,152 கோடி ரூபாய் நிறுத்தப்பட்டு, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றபின், எந்தச் செலவு எந்த வழியில் வருகிறது என்று தெரியாமல் எழுதப்படும் மனு யாருடைய மேசையில் போய் நிற்கும்?

பொருளைக் கேட்பதைவிடக் கொள்கையைக் கேட்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கேரளம் அருகிலேயே இருக்கிறது. அங்கே கணினிக் கல்வி ஒரு தனியார் நிறுவனத்தின் மென்பொருளையே சார்ந்துவிடும் நிலை வந்தபோது, ஆசிரியர் அமைப்புகள் அதை எதிர்த்து வாதாடியதன் பயனாக, எவரும் உரிமக் கட்டணமின்றிப் பயன்படுத்தவும் திருத்தவும் கூடிய கட்டற்ற மென்பொருள் பள்ளிகளுக்குள் வந்தது.

தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்கும் அவ்வாறு வாதாடச் சட்ட மேலவை என்ற ஓர் அவை இருந்தது. அரசியலமைப்பின் 171-ஆவது பிரிவின்படி மேலவை இடங்களில் பன்னிரண்டில் ஒரு பங்கு ஆசிரியர்களால் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். வேட்பாளர்கள் ஆசிரியர் ஓய்வறைக்கே வந்து வாக்குக் கேட்டதையும், அவர்களிடம் ஆய்வகத்துக்கான சில்லறைச் செலவு நிதியைப் பற்றி அறிவியல் ஆசிரியர்கள் வாதிட்டதையும் அந்தத் தலைமுறையினர் இன்றும் சொல்வார்கள். 1986 நவம்பர் 1-இல் மேலவை இல்லாமற்போனது. 2010-இல் அதை மீட்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியும் அவை திரும்பவில்லை. கர்நாடகத்திலும் மகாராட்டிரத்திலும் ஆசிரியர் தொகுதிகள் இன்றும் இருக்க, தமிழ்நாட்டில் இல்லாதது பெரும் இழப்பு என்பதில் மூத்தவர்களுக்கு ஐயமே கிடையாது. தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு அத்தொகுதியில் வாக்கு இல்லை என்பது உண்மைதான். மீண்டும் வருமானால் அந்தக் குறையையும் களைய வேண்டும்.

அவை இல்லாத நிலையில் எஞ்சியுள்ள உறுதியான கருவி, 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். அதன் 21-ஆவது பிரிவு, முக்கால் பங்கு பெற்றோரும் பாதிப் பங்கு பெண்களும் கொண்ட பள்ளி மேலாண்மைக் குழுவை அமைக்கச் சொல்கிறது. 22-ஆவது பிரிவு, அக்குழு தயாரிக்கும் பள்ளி வளர்ச்சித் திட்டமே அரசின் திட்டங்களுக்கும் மானியங்களுக்கும் அடிப்படையாக வேண்டும் என்கிறது. நடத்தை விதிகளுக்குக் கட்டுப்பட்ட அரசு ஊழியரான ஆசிரியர் தனியாகக் கையெழுத்திடும் மனுவைவிட, பெற்றோரான தலைவி கையெழுத்திடும் குழுத் தீர்மானம் பாதுகாப்பானது, சட்டத்தின் பலமும் உடையது. மனுவில் இக்குழுவைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது வியப்பு.

இவ்வளவுக்குப் பிறகும், மனுவின் கடைசிப் பக்கம் அபாரமானது என்று சொல்லாமல் இருக்க முடியாது. எந்தக் கணினி எந்த மாதம் நின்றது, மின்கலம் பழுதா, இணைய இணைப்பு அறுந்ததா, புகார் கொடுத்த எத்தனை நாளில் ஆள் வந்தார், அதற்குள் எந்த வகுப்பு எந்தப் பாடத்தை இழந்தது என்று அந்த அட்டவணை காட்டும் நேர்மையும் பொறுமையும், பல ஆண்டுகளாக மனு எழுதிவரும் சங்கப் பொறுப்பாளர்களிடமும் காணக்கிடைக்காதவை. சட்டமன்ற உறுப்பினர் மானியக் கோரிக்கை விவாதத்தில் அப்படியே எடுத்து வாசிக்கத்தக்க பக்கம் அது ஒன்றுதான். அதைப் பின்னிணைப்பாகக் கடைசியில் ஒளித்து வைத்தது மட்டுமே தவறு.

ஆகவே, அந்த அட்டவணை முதல் பக்கமாகட்டும். ஓராண்டு இணையக் கட்டணம், மின்கலம் மாற்றும் செலவு, பழுதுபார்ப்புச் செலவு ஆகியவை அதன் கீழே மூன்று தொகைகளாக நிற்கட்டும். கொடை கேட்கும் பத்திகள் முழுவதும் நீங்கட்டும். நிதிநிலை அறிக்கைக்கான மதிப்பீடுகளைத் துறைகள் பல மாதங்களுக்கு முன்பே தயாரிக்கத் தொடங்கிவிடுவதால், விவாதம் நடக்கும் வாரத்தில் மனுவோடு ஓடுவதில் பயனில்லை. அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்திலேயே தீர்மானம் நிறைவேறி, அதன் நகல் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் ஒரே நாளில் சென்று சேர வேண்டும்.