முட்டைக் கணக்கு வேறு, கோழிக் கணக்கு வேறு

வீட்டுக் கால்நடை: கேள்வி – பதில்

கேள்வி: டாக்டர், எங்கள் வீடு கோவில்பட்டியை ஒட்டிய புது மனைப் பகுதியில் இருக்கிறது. மொத்தம் ஐந்து சென்ட். கொல்லையில் இரண்டு முருங்கை, ஒரு வேம்பு போக மீதி இடம் சும்மாதான் கிடக்கிறது. நாட்டுக்கோழி முட்டை விற்கிற விலைக்கு நாமே நாலு கோழி வளர்க்கலாமே என்கிறார் என் கணவர். ஏழாவது படிக்கும் மகனும் நாலாவது படிக்கும் மகளும் வராத கோழிகளுக்கு இப்போதே பெயர் வைத்துவிட்டார்கள். மாமியார் மட்டும், "வீடு நாறும், பாம்பு வரும், எனக்கு வேண்டாம்" என்கிறார். நாங்கள் இருவரும் காலை எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பினால், வீடு திரும்ப ஆறரை ஆகும். வளர்க்கலாமா, வேண்டாமா?
– ஒரு வாசகி, கோவில்பட்டி

பதில்: முட்டைச் செலவை மிச்சப்படுத்தத்தான் என்றால் வேண்டாம். நாட்டுக்கோழி சேர்ந்தாற்போல் 10 முதல் 15 முட்டை இடும். பிறகு கேறத் தொடங்கி அடைக்கு உட்கார்ந்துவிடும். குஞ்சு பொரிக்க 21 நாள். பொரித்த குஞ்சுகளோடு திரிவது இரண்டு மூன்று மாதம். எல்லாம் போக ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை கிடைத்தால் நல்ல கோழி. நாலு கோழிக்கு 300 முட்டை என்றே வைத்துக்கொண்டாலும், உங்கள் ஐந்து பேருக்கு ஆளுக்கு வாரம் ஒன்றுதான் தேறும். பண்ணையில் வளரும் முட்டைக்கோழி ஒன்றே ஆண்டுக்கு 300-க்குக் குறையாமல் இடுகிறது. அதனால்தான் அந்த முட்டை மலிவு. கிராமப்பிரியா போன்ற மேம்படுத்தப்பட்ட புறக்கடை இனங்கள் நாட்டுக்கோழியைவிட இரண்டு மடங்கு இடும். ஆனால் தீவனமும் அதற்கேற்பக் கொடுக்க வேண்டும்.

அடுத்தது கூண்டு. முதல் செலவும் பெரிய செலவும் அதுதான். நாலு கோழிக்கு நாலடிக்கு மூன்றடி போதும். தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் நிற்கட்டும். பெரிய கண் வைத்த வேலிக் கம்பி கோழியை உள்ளே வைக்குமே தவிர, கீரியை வெளியே வைக்காது. அரை அங்குலக் கண் உள்ள பற்றவைத்த வலைதான் தாங்கும். பாம்பு விஷயத்தில் உங்கள் மாமியார் சொல்வது சரி. இறைந்த தீவனத்துக்கு எலி வரும், எலிக்கும் முட்டைக்கும் பாம்பு வரும். தீவனத்தைத் தகர டின்னில் மூடி வையுங்கள். முட்டையை அன்றன்றே எடுத்துவிடுங்கள். இருட்டியபின் தட்டில் தீவனம் இருக்கக் கூடாது.

நாற்றம் ஈரத்தால் வருவது. கூண்டுத் தரையில் இரண்டு அங்குலத்துக்குக் கடலைத்தோலோ நார்க்கழிவோ பரப்பி, வாரம் ஒருமுறை கிளறிவிடுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தைக் கூண்டுக்கு வெளியே வையுங்கள். பழைய கடலைத்தோலை அள்ளி மட்கவைத்தால் முருங்கைக்கு உரம்.

தீனிக்கு உங்கள் பக்கத்தில் பஞ்சமில்லை. கம்பு, சோளக் குருணை, கீரைத் தண்டு, கொஞ்சம் கிளிஞ்சல் தூள் போதும். பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கு மட்டும் கூடவே கூடாது, ஈரலைக் கெடுத்துவிடும். கரையான் பிடித்துக் கொடுக்கும் பழைய வழி ஒன்றும் உண்டு. மண்பானையில் கிழிந்த சாக்கையும் காய்ந்த சாணத்தையும் திணித்து, தண்ணீர் தெளித்து, சாயங்காலம் புற்றுப் பக்கம் கவிழ்த்து வையுங்கள். விடிந்ததும் பானையைத் தூக்கினால் சாக்கெல்லாம் கரையான் மொய்த்திருக்கும். கோழிகள் முன்னால் உதறினால் சில நிமிடத்தில் சாக்கு சுத்தம். நிலைக்கதவுக்குப் பக்கத்தில் மட்டும் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

சீக்கு விஷயத்தில் அசட்டை கூடாது. வெள்ளைக்கழிச்சல் வந்தால் சிறகு தொங்கும், பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், சிலதற்குக் கழுத்து திருகும்; ஒரு வாரத்தில் கூண்டே காலியாகலாம். வந்தபின் மருந்து கிடையாது, தடுப்பூசிதான். ஏழாம் நாள் கண்ணில் அல்லது மூக்கில் சொட்டு, நாலாவது வாரம் மறுபடி சொட்டு, எட்டாவது வாரம் இறக்கையடியில் ஊசி. ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடைத் துறை நடத்தும் இருவார முகாமில் இலவசமாகவே போடுகிறார்கள். பிள்ளைகள் கோழியைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும். பார்வைக்கு நன்றாக இருக்கும் கோழியின் எச்சத்திலும் வயிற்றைக் கெடுக்கும் சால்மொனெல்லா இருக்கலாம்.

இரண்டு வயதுக்குமேல் முட்டை குறையும். கோழியோ இன்னும் சில வருஷம் இருக்கும். பெயர் வைத்துக் கூப்பிட்ட கோழியைக் குழம்பு வைத்தால் உங்கள் மகள் சாப்பிடுவாளா? விற்பதா, அறுப்பதா, சும்மா வைத்துச் சோறு போடுவதா என்பதை வாங்குவதற்கு முன்பே பிள்ளைகளிடம் பேசி முடித்துவிடுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். காலையில் திறந்துவிடலாம், அதற்கு நீங்கள் இருக்கிறீர்கள். பொழுது சாயும்போது கோழி தானாகக் கூண்டுக்கு வந்துவிடும், ஆனால் கதவைச் சாத்த ஆள் வேண்டும். மார்கழியில் நீங்கள் வருமுன்பே இருட்டிவிடும். பகலில் நாய் வந்தால் விரட்டுவதும், வெயிலில் தண்ணீர் ஊற்றுவதும், நீங்கள் ஊருக்குப் போனால் பார்த்துக்கொள்வதும் யார்? உங்கள் மாமியார்தான். வேண்டாம் என்பவர் தலையில்தான் முழு வேலையும் விழப்போகிறது. ஆகவே முடிவும் அவருடையதாக இருக்கட்டும். அவர் மனம் ஒப்பினால், நாலைந்து மாத வெடைக்கோழி மூன்று, தடுப்பூசி போட்டதாகப் பார்த்து வாங்குங்கள். குஞ்சு வாங்கினால் காக்கைக்கும் பருந்துக்கும் பாதி போகும். அவர் ஒப்பவில்லை என்றால், பக்கத்துக் கிராமத்தில் தெரிந்தவரிடம் முட்டை வாங்குங்கள். அதில் யாருக்கும் நட்டமில்லை.

கேள்வி: திருவிழாக் கடையில் என் பேரன் கலர் கோழிக்குஞ்சு கேட்டு அடம்பிடிக்கிறான். அதையே வளர்த்து முட்டை எடுக்கலாமா?
– ஒரு வாசகர், உசிலம்பட்டி

பதில்: முடியாது. முட்டைக்கோழிப் பொரிப்பகங்களில் வேண்டாமென்று கழித்த சேவல் குஞ்சுகளுக்குத்தான் சாயம் பூசி விற்கிறார்கள். பிழைத்தால் சேவலாகும். கதகதப்பில்லாமல் கூட்டத்தில் அலைக்கழிந்தவை என்பதால் பல பிழைப்பதும் இல்லை.

கேள்வி: சேவல் இல்லாமல் முட்டை கிடைக்குமா? விடியற்காலையில் கூவினால் மாடி வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார்.
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: தாராளமாகக் கிடைக்கும், குஞ்சுதான் பொரிக்காது. சேவலை விற்றுவிடுங்கள். முதல் வாரத்து முட்டையில் இரண்டை மாடி வீட்டுக்குக் கொடுத்துவிட்டால், பெட்டை கொக்கரிப்பதையும் பொறுத்துக்கொள்வார்.