கோடையும் கோலக் கேக்கும்

பிறந்தநாள் விழாவுக்கென வாங்கி வந்த கேக்கின்மீது வெண்ணெயாற் செய்த மலர்கள் காலையில் இதழ் விரித்து நிற்கின்றன. நண்பகலில் அவை தலை சாய்கின்றன. மாலையில் விருந்தினர் வந்து கூடும்போது மலரும் இல்லை. எழுதிய பெயரும் இல்லை. இனிப்புக் குழம்பே தட்டில் வழிந்து கிடக்கின்றது. சித்திரை, வைகாசித் திங்களில் சென்னையிலும் மதுரையிலும் வேலூரிலும் பல இல்லங்களிற் காணும் காட்சி இது. கேக்கு என்னும் பிறமொழிச் சொல்லுக்கு அணிச்சல் எனப் பெயரிட்டோரும் உளர். எனினும், மக்கள் நாவில் நிலைத்தது கேக்கே. ஆதலின் அச்சொல்லே ஈண்டு ஆளப்படுகின்றது.

கேக்கின் மேற்பூச்சு பெரும்பாலும் வெண்ணெயும் பொடித்த சர்க்கரையும் சேர்த்துக் கடைந்ததாகும். வெண்ணெய் ஏறக்குறைய 32 முதல் 35 பாகை செல்சியசு வெப்பத்தில் முற்றும் உருகிவிடும்; அதற்கு நெடுமுன்னரே குழைந்து உருவிழக்கும். கத்திரி வெயிலில் வெளிவெப்பம் 40 பாகையைக் கடக்கும் நாளில் வீட்டினுள்ளும் தணிவு மிகுதியாக இராது. ஆகவே, பூச்சு நிலைகுலைவது செய்தவர் பிழையன்று; பொருளின் இயல்பு. சிலர் வெண்ணெயை விலக்கி வனசுபதியைக் கலப்பர். அது வெயிலைச் சற்றே தாங்கும். ஆனால் நாவில் மெழுகுபோல் ஒட்டும். உருவத்தைக் காக்கச் சுவையை இழப்பது நல்ல வாணிகம் ஆகாது.

உருவம் கெடுவது கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத கேடு ஒன்று உண்டு, அதுவே அஞ்சத்தக்கது. பாலேடோ, பாலும் முட்டையும் கலந்து காய்ச்சிய கூழோ இடப்பட்ட கேக்குகளில் நீர் மிகுதி. 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் அவற்றில் நுண்ணுயிர்கள் பெருகும். அணிசெய்வோர் கையிலுள்ள சிறு புண்ணிலிருந்தோ மூக்கிலிருந்தோ பரவும் ஒருவகை நுண்ணுயிர் அங்கே தங்கி நஞ்சைச் சுரக்கும். அதனால் பண்டத்தின் மணமும் மாறாது, சுவையும் மாறாது. உண்டவரோ சில மணி நேரத்துள் வாந்தியும் வயிற்று வலியுமாய் வருந்துவர். ஒருமுறை சுரந்த அந்நஞ்சு குளிர்பெட்டியில் வைப்பதனால் நீங்காது. சூடாக்கினும் எளிதில் அழியாது. ஆதலின், பாலேட்டுக் கேக்கை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைத்தலாகாது. வெப்பம் 32 பாகையைக் கடந்தால் ஒரு மணி நேரமே எல்லை. மாலை முழுதும் மேசைமீது கிடந்ததை, விலை கொடுத்து வாங்கியதாயிற்றே என்று மறுநாட் காலையிற் குழந்தைகளுக்கு ஊட்டுவோர் நோயை ஊட்டுவோர் ஆகலாம்.

குளிர்பெட்டி உள்ள இல்லத்தாரும் ஒன்றை மறந்துவிடுகின்றனர். குளிர்ந்த கேக்கை வெளியில் எடுத்தவுடன் ஈரக்காற்று அதன்மேற் பட்டுப் பனித்துளியாகப் படியும். கடற்கரை ஊர்களில் இது மிகுதி. துளி சர்க்கரையைக் கரைக்கும். சிவப்புச் சாயம் வெண்மையிற் பரந்து ஓடும். கேக்கை அட்டைப்பெட்டியில் மூடியபடியே குளிர்வித்து, வெளியில் எடுத்தபின்னும் அரைமணி நேரம் திறவாதிருந்தால், துளி பெட்டியின்மீது படியுமேயன்றிக் கேக்கின்மீது படியாது. பெட்டி இறுக மூடியிருத்தல் வேறொரு வகையிலும் நன்று. வெண்ணெய் பிற மணங்களை எளிதில் ஏற்கும் இயல்பினது. மீன்குழம்பின் அருகில் அது நெடுநேரம் தன் மணத்தோடு வாழாது.

குளிர்பெட்டி வருமுன் நம் நாட்டில் பனிக்கட்டி கடல் கடந்து வந்த சரக்காக இருந்தது. வட அமெரிக்காவின் மாசச்சூசெட்சுப் பகுதியில், குளிர்காலத்தில் உறைந்த நீர்நிலைகளிலிருந்து பனியைப் பாளம் பாளமாக அறுத்துக் கப்பலேற்றி அனுப்பினார் பிரெடரிக் டியூடர் என்னும் வணிகர். 1833-ஆம் ஆண்டில் முதற் கப்பல் கல்கத்தாவை அடைந்தது. ஏறக்குறைய நான்கு திங்கள் கடலில் வந்தும் பாதிக்கு மேற்பட்ட பனி கரையாதிருந்தது. சென்னையில் அதனைச் சேமிக்க 1842-ஆம் ஆண்டில் எழுந்த கட்டடமே ஐசு அவுசு. இன்று அது விவேகானந்தர் இல்லம். இத்தகைய பனியைக் காத்தது மரத்தூள். தூளின் இடையே சிறைப்பட்ட காற்று வெப்பத்தை எளிதில் உட்புக விடாது. இக்காலத்தில் கேக்கை வெளியூருக்கு எடுத்துச் செல்வோர் தெர்மாக்கோல் பெட்டியைத் தேடுவதும் அதே காரணம் பற்றியதே. அதனுள்ளும் அடைபட்டிருப்பது காற்றுத்தான்.

வெயிலுக்கு அஞ்சாத கேக்கும் உண்டு. கிறித்துமசு நாளுக்கெனச் செய்யும் உலர்பழக் கேக்கில் சர்க்கரையும் பழமும் நீரைத் தம்மிடம் பிணித்துக்கொள்ளும். நுண்ணுயிர்க்கு வேண்டிய நீர் கிடைக்காமையால் அது பல வாரங்கள் கெடாது. நம் அதிரசம் தீபாவளி கழிந்தும் பல நாள் நிற்பது வெல்லப்பாகின் இதே ஆற்றலால் ஆகும். தூத்துக்குடியிற் பெயர்பெற்ற மக்ரூனோ வேறு வகையினது. முட்டையின் வெண்கருவை நுரைக்கக் கடைந்து, சர்க்கரையும் முந்திரிப்பொடியும் சேர்த்துக் கூம்பு வடிவிற் பிழிந்து, மெல்லிய சூட்டில் உலர வைப்பர். வெண்ணெய் இன்மையால் அது வெயிலில் உருகாது. அதற்குப் பகை ஈரக்காற்று. காற்றுப் புகாத தகரத்தில் அடையாவிடில் மொறுமொறுப்பு நீங்கிப் பிசுபிசுக்கும்.

இவ்வியல்பை அறிந்த கைவினைஞர் கோடையில் வெண்ணெய் மலரைக் கைவிட்டு, வெண்கருவும் சர்க்கரையும் கடைந்து உலர்த்திய மலரையே கேக்கின்மீது பதிப்பர். அது மாலைவரை வாடாது நிற்கும். அதனைக் கடிக்கப் பல் வலிமை வேண்டும் என்பது வேறு செய்தி.