தாயகம் திரும்பாத சஹ்ராவிகள்

கேள்வி: சஹ்ராவி அகதிகள் அரை நூற்றாண்டாகியும் தாயகம் திரும்ப முடியாதது ஏன்?

பதில்: 1975-இல் மேற்கு சஹாராவைவிட்டு ஸ்பெயின் விலக முற்பட்டபோது மொராக்கோவும் மௌரிடானியாவும் அந்நிலத்தைப் பங்கிட்டுக்கொண்டதால், அங்கு வாழ்ந்த சஹ்ராவி மக்களில் பல்லாயிரவர் அல்ஜீரியாவின் டின்டூஃப் நகரையொட்டிய பாலையில் தஞ்சம் புகுந்தனர். 1979-இல் மௌரிடானியா பின்வாங்கியது. மொராக்கோவுக்கும் பொலிசாரியோ எனும் விடுதலை இயக்கத்துக்கும் நடந்த போர் 1991-இல் ஐ.நா. முயற்சியால் ஓய்ந்தாலும், அப்போது உறுதியளிக்கப்பட்ட பொதுவாக்கெடுப்பு, அதாவது தனிநாடா மொராக்கோவுடன் இணைப்பா என்பதை மக்களே தீர்மானிக்கும் ஏற்பாடு, வாக்குரிமை எவருக்கு என்ற பிணக்கில் முடங்கிப்போனது. லாயூன், ஸ்மாரா, தக்லா என இழந்த ஊர்களின் பெயர்களையே தாங்கிய முகாம்களில் குடிநீர் பெரும்பாலும் லாரிகளில் வந்து தொட்டிகளில் நிரப்பப்படுகிறது. மண்கல் வீடுகள் 2015 அக்டோபர் மழையில் ஆயிரக்கணக்கில் இடிந்தன. 2020 நவம்பரில் போர்நிறுத்தமும் முறிந்தது. வாக்கெடுப்போ இன்றுவரை நடக்கவில்லை.