பூஞ்சைத் தொற்றை இரத்தம் முன்னறிவிக்குமா?

இரத்தப் புற்றுநோய்க்கான கீமோதெரபிக்குப் பின் நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்கள் மைக்ரோலிட்டருக்கு 500-க்கும் கீழே இறங்கி, பத்து நாள்களுக்கு மேல் அவ்வாறே நீடித்தால், காற்றில் மிதக்கும் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை நுரையீரலைத் தாக்கும் அபாயம் மிகுகிறது. அதன் செல்சுவரிலிருந்து இரத்தத்தில் கலக்கும் காலக்டோமன்னான் என்னும் சர்க்கரைப் பொருளையே நாங்கள் தேடுகிறோம். சிலருக்கு வாரம் இருமுறை இரத்தம் எடுப்பது இதற்காகத்தான். குறியீடு 0.5-ஐ எட்டினால் மார்பு சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம்.

ஆயினும், கறுப்புப் பூஞ்சையாகிய மியூகார் இப்பரிசோதனையில் அகப்படாது. பூஞ்சைத் தடுப்பு மருந்து உட்கொள்வோரிடம் ஆஸ்பர்ஜில்லஸும் தப்பிவிடலாம். எனவே பரிசோதனை இயல்பாக இருந்தாலும், காய்ச்சல் 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டால், நள்ளிரவானாலும் உடனே வாருங்கள். பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியும்வரை காத்திருப்பதற்கே நாங்கள் அஞ்சுகிறோம்.