நோய் தீர்த்த ஊநீர்

நிமோனியா நுரையீரலைத் தாக்கும் கொடிய நோயாகும். காற்று நுண்ணறைகளில் நீரும் சீழும் தேங்குவதால், நோயாளி மூச்சுவிட இயலாது வருந்துவான். இந்நோயை விளைக்கும் கிருமிகளுள் தலையாயது நிமோகாக்கஸ். 1881-ஆம் ஆண்டில் பிரான்சில் பாஸ்டரும் அமெரிக்காவில் ஸ்டெர்ன்பெர்க்கும் அதனைத் தனித்தனியே கண்டறிந்தனர். பெனிசிலின் தோன்றாத அக்காலத்தில் இந்நோய்க்கு மருந்து யாது?

கிருமி உடலிற் புகுந்தால், அதனை வெல்லும் எதிர்ப்பொருள் குருதியில் உண்டாகிறது. அது கிருமியின் மேலுறையிற் படிந்ததும், வெள்ளையணுக்கள் அக்கிருமியை எளிதில் விழுங்கிவிடும். குருதி உறைந்தபின் பிரியும் தெளிந்த ஊநீரில் இவ்வெதிர்ப்பொருள் தங்கியிருக்கும். 1891-இல் ஜெர்மனியில் கிளம்பரர் உடன்பிறந்தார் இருவர், நோயெதிர்ப்புப் பெற்ற முயலின் ஊநீர் பிற முயல்களையும் காத்தல் கண்டனர். பின்னர் நியூயார்க்கில் ராக்பெல்லர் ஆய்வுநிலைய மருத்துவமனையில் ரூபஸ் கோல் குழுவினர், குதிரையின் ஊநீரை நோயாளிகளுக்குச் செலுத்திப் பலரைப் பிழைப்பித்தனர்.

ஆயினும் இம்முறை எளிதன்று. நிமோகாக்கஸில் பல வகைகள் உண்டு. ஒரு வகைக்குரிய ஊநீர் மற்றொன்றிற்குப் பயன்படாது. சளியைச் சோதித்து வகையறிதல் வேண்டும். காலம் தாழ்த்தினால் பயன் குறையும். குதிரையின் புரதம் ஒவ்வாமல் சிலர் காய்ச்சலும் மூட்டுவலியும் உற்றனர். 1938-இல் சல்பாபிரிடினும், அதன்பின் பெனிசிலினும் வழக்கிற்கு வரவே, ஊநீர் மருத்துவம் அருகிற்று.

இன்றோ, அத்தகைய மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் பெருகியுள்ளன. 1975-இல் கோலரும் மில்ஸ்டீனும் ஒரேவகை எதிர்ப்பொருளை ஆய்வகத்தில் ஆக்கும் வழி கண்டனர். அவ்வழியைப் பின்பற்றி, நுரையீரற் கிருமிகளை அடக்கும் மருந்துகளைக் காண அறிஞர் முயன்று வருகின்றனர். முன்னோர் கைவிட்ட வழியையும் மீண்டும் ஆராய்ந்து திருத்திக்கொள்வது அறிவியலின் இயல்பாகும்.