ஹெட்டைக் கழற்றும் முன்

இரணைமடுக் குளத்தின் கீழ் காலபோக அறுவடை தொடங்கிவிட்டால் கிளிநொச்சி கராஜ்களில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: “அண்ணை, தண்ணி குறையுது. ஹெட் கழட்ட வேணுமோ?” கைதேர்ந்த மெக்கானிக் உடனே சாவியைத் தூக்கமாட்டார். “முதல்ல எஞ்சின் ஆறட்டும், தம்பி” என்பார்.

றேடியேற்றர் மூடி பொதுவாக 0.9 பார் அளவு அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் கொதிப்பதே 118 பாகை செல்சியசை அண்டித்தான். சூட்டோடு திறந்தால் முகம் வெந்துவிடும்.

ஆறிய பின் தேடலை வெளியிலிருந்து தொடங்குவார்கள்: ஹோஸ் கிளிப், றேடியேற்றரின் அடி, வோட்டர் பம்பின் கீழுள்ள சிறு துளை. அந்தத் துளையில் தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தால் பம்பின் சீல் போய்விட்டது. வன்னிக் கிணறுகள் பலவற்றில் சுண்ணாம்பு அதிகம். கேத்தலில் படிவது றேடியேற்றர் குழாய்களிலும் படிந்து அடைக்கும். கூலன்றுடன் காய்ச்சி வடித்த நீரைக் கலந்து ஊற்றச் சொல்வது அதனால்தான்.

வெளியே ஈரமே இல்லையென்றால் உள்ளே பார்க்கவேண்டும். இரவு முழுக்க நின்ற எஞ்சினின் சம்ப் நட்டைக் காலையில் மெல்லத் தளர்த்துங்கள். ஒயிலுக்கு முன் தண்ணீர் சொட்டினால் கசிவு உள்ளேதான். ஆறிய எஞ்சினை மூடி இல்லாமல் ஸ்டார்ட் செய்யும்போது றேடியேற்றர் வாயில் விடாமல் குமிழி எழுந்தால், எரிந்த வாயு தண்ணீருக்குள் புகுகிறது. ஹெட் காஸ்கெற்றோ ஹெட்டோ பழுது. ஹெட்டைக் கழற்றும் நேரம் அதுதான்.

புகையும் சாட்சி சொல்லும். நீலமென்றால் ஒயில் எரிகிறது. வெள்ளைப் புகை கண்ணைக் கரித்தால் அது எரியாத டீசல், இன்ஜெக்டரைப் பாருங்கள். சூடேறிய பின்னும் வெண்ணிறம் நிற்காமல், தண்ணீரும் குறைந்துகொண்டு போனால் அது நீராவி.

கறுப்புப் புகைக்கு வயலில் நான் அதிகம் கண்ட காரணம் வைக்கல் தூசி. எயார் ஃபில்டரை அடைத்துப் புகையைக் கறுப்பாக்கும் அதே தூசி, றேடியேற்றர் தகடுகளையும் மூடி எஞ்சினைச் சூடாக்கும். இரண்டையும் துப்புரவாக்கினாலே பல இயந்திரங்கள் அன்றே வயலுக்குத் திரும்பிவிடும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழைய எஞ்சின்களை ஓட்டியே காலம் கடத்தியவர்களுக்கும், 2022இல் டீசலுக்கு வரிசையில் நின்றவர்களுக்கும் இந்தத் துப்புரவின் பெறுமதி தெரியும்.

வடித்தெடுத்த பழைய கூலன்றைத் தரையில் ஊற்றாதீர்கள். அதிலுள்ள கிளைக்கோல் இனிக்கும். நாயோ கன்றோ நக்கினால் சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போகும். மூடியுள்ள கானில் அடைத்து வையுங்கள்.