அழைப்பு யாரிடம் போகணும், என்ன பதியணும்? கிராம உதவி மையத்துக்கு ஏழு படிகள்

புதுச்சேரியில் வில்லியனூர், பாகூர் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கமோ கொம்யூன் பஞ்சாயத்தோ தொலைபேசி உதவி மையம் தொடங்க நினைத்தால், முதலில் மென்பொருளின் விலையைத்தான் விசாரிப்பார்கள். அதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டியவை இரண்டு: வரும் அழைப்பு யாரிடம் போக வேண்டும், முடிந்த அழைப்பில் எதைச் சேமிக்க வேண்டும்.

இந்த வேலை வில்லியனூருக்குப் புதிதல்ல. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் தொடங்கிய தகவல் கிராமத் திட்டத்துக்கு வில்லியனூர்தான் மைய நிலையம். எம்பலம், வீராம்பட்டினம் போன்ற ஊர்களின் தகவல் மையங்களுக்குத் தேவையான செய்திகளை இங்கே திரட்டி அனுப்பினார்கள். இன்று கருவிகள் மாறிவிட்டன, வேலை அதேதான்.

1. பதிவுக் கட்டங்களை முதலில் வரையுங்கள். பதிவு எண், அழைப்பு வந்த நேரம், எடுத்த நேரம், முடிந்த நேரம், ஊர், பொருள், யாரிடம் போனது, சொன்ன பதில், தற்போதைய நிலை. இவை ஒவ்வொன்றும் தனிக் கட்டமாக இருக்கட்டும். 2004 ஜனவரியில் தொடங்கிய கிசான் அழைப்பு மையம் (1800-180-1551) மாவட்டம், வட்டாரம், பயிர், கேள்வி, பதில் என்று பிரித்தே பதிகிறது. அரசின் திறந்த தரவுத் தளத்தில் அந்தப் பதிவுகளை எடுத்து யாரும் அலச முடிவது இதனால்தான்.

2. ஊரைக் கேட்டு வாங்குங்கள். புதுச்சேரி செல்பேசிகள் தமிழ்நாடு வட்டத்தில் வருபவை. எண்ணைப் பார்த்து ஊர் தெரியாது. போதாக்குறைக்கு இங்கே புதுச்சேரி ஊரும் விழுப்புரம், கடலூர் மாவட்ட ஊர்களும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. ஊர்ப் பெயரைத் தட்டச்சு செய்ய விடாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வையுங்கள். பாகூர், பாஹூர் என்று ஆளுக்கொரு விதமாக அடித்தால் வருடக் கடைசியில் ஒரே ஊர் இரண்டு ஊராக நிற்கும்.

3. அழைப்பு வரிசைகள் குறைவாக இருக்கட்டும். பயிர்–கால்நடை, குடிநீர்–தெருவிளக்கு–சாலை, சான்றிதழ்–நலத்திட்டம் என்று மூன்றே போதும். ஒவ்வொரு பணியாளருக்கும் தெரிந்த துறையைக் குறித்துவிட்டு, அந்தத் துறையில் அதிக நேரம் சும்மா இருப்பவருக்கு அழைப்பு போகும்படி விதி வையுங்கள். 20 விநாடிக்குள் எடுக்காவிட்டால் அடுத்தவருக்கு மாறட்டும். தவறிய அழைப்பும் ஒரு பதிவுதான். அதைத் திரும்ப அழைக்கும் வேலையாக வரிசையில் சேர்த்துவிடுங்கள்.

4. பதில் தெரியாத கேள்விக்கு மேல்படி வையுங்கள். சோரியாங்குப்பத்து விவசாயி ஒருவர் திங்கட்கிழமை நெல்லில் இலைச்சுருட்டுப்புழு என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பணியாளருக்குப் பிடிபடவில்லை என்றால், அதே பதிவு எண்ணோடு உழவர் உதவியகத்துக்கோ குரும்பாப்பேட்டை வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ போக வேண்டும். பொறுப்பாளர் பெயரும் கெடு நேரமும் கூடவே போக வேண்டும். வியாழக்கிழமை விவசாயி மறுபடி அழைத்தால் பழைய பதிவு திரையில் வந்து, முன்பு பேசியவருக்கே அழைப்பு செல்லட்டும். அந்தப் பணியாளர் விடுப்பில் இருந்தால் வரிசையில் அடுத்தவருக்கு. முதலிலிருந்து கதை சொல்ல வைத்தால் மூன்றாவது முறை விவசாயி அழைக்க மாட்டார்.

5. வெள்ள நாள் விதியை இப்போதே எழுதுங்கள். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறத்தாழ 48 செ.மீ. மழை கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணை நீர் தென்பெண்ணையில் பெருகி வந்து பாகூர் ஊர்களைச் சூழ்ந்தது. அப்படிப்பட்ட நாளில் ஒரே பொத்தானில் பேரிடர் விதி இயங்க வேண்டும்: உயிர் ஆபத்து அழைப்பு முதலில், சான்றிதழ் வரிசைக்கு அறிவிப்பு மட்டும், எல்லாப் பணியாளர்களும் ஒரே வரிசையில். சாதாரண நாளில் காத்திருக்கும் நேரம் கூடக்கூட முன்னுரிமையும் ஏறட்டும். இல்லாவிட்டால் தெருவிளக்குப் புகார் கடைசிவரை கடைசியிலேயே நிற்கும்.

6. நடப்புப் பதிவையும் பழைய பதிவையும் பிரித்து வையுங்கள். வரிசையை நடத்தும் மென்பொருள் பழையதைக் காத்து வைக்கும் என்று நம்பாதீர்கள். உதாரணமாக, வேலைகளைப் பணியாளர்களுக்குப் பிரித்து அனுப்பும் ட்விலியோ நிறுவனத்தின் டாஸ்க்ரவுட்டர், முடிந்த வேலையைச் சில நிமிடங்களில் நீக்கிவிடும். ஒவ்வொரு மாற்றமும் நடந்த உடனே தனித் தரவுத்தளத்துக்குப் போகட்டும். பழைய வரியை அழித்து எழுதாமல் புது வரியாகச் சேர்த்து வாருங்கள். யார் எப்போது மாற்றினார் என்பது அப்போதுதான் நிற்கும். நேரத்தையும் கவனியுங்கள். பல மென்பொருள்கள் உலகப் பொது நேரத்தில் சேமிப்பதால், இந்திய நேரத்துக்கு மாற்றாமல் அறிக்கை எடுத்தால் அதிகாலை 5.30-க்கு முன் வந்த பால்காரர் அழைப்பு முந்தைய நாள் கணக்கில் விழும். நகல் ஒன்றை வெள்ளம் எட்டாத வேறு ஊரில் வையுங்கள்.

7. எதை எப்போது அழிப்பது என்று முடிவு செய்யுங்கள். 2023-ன் எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, நோக்கத்தைச் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். தேவை முடிந்தால் நீக்க வேண்டும். குரல் பதிவுக்கு 3 மாதம், பெயர், எண் உள்ள பதிவுக்கு 1 வருடம் என்பது போல உங்களுக்கு ஒத்துவரும் காலத்தை எழுதி வையுங்கள். பெயர் நீக்கிய தொகுப்பை நீண்ட காலம் வைக்கலாம். குறிப்புக் கட்டத்தில் ஆதார் எண் எழுத அனுமதிக்காதீர்கள்.

மாதம் ஒருமுறை பதிவை எடுத்து, எந்த ஊரின் எந்தக் கேள்வி அதிகம் கைமாறியது என்று பாருங்கள். அதிகம் கைமாறிய இடத்தில்தான் விதி தவறு. அதைத் திருத்தாத மையத்துக்கு எவ்வளவு விலை கொடுத்து மென்பொருள் வாங்கினாலும் வீண்.